நாற்பது மில்லிமீட்டர் லட்டு

பிடோக், சிங்கப்பூர்,
ஞாயிறு காலை

பெருமதிப்பிற்குரிய மச்சான் ரகுபதி அவர்களுக்கு, தங்கள் தங்கை விசாலாட்சியின் கணவன் சுரேந்தர் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு யாரும் நலமில்லை. தேக்காவில் தங்கள் பாத்திரக் கடை நலம் என்றே நம்புகிறேன். எனக்குத் தள்ளிவிட்டதைப் போல இன்னும் நாலு பேர் தலையில் கட்டியிருப்பீர்கள்.

நிவேதிதாவைப் பெண் பார்க்க வந்த அன்றே சம்பந்தியம்மா மரியம்மாள், "எங்க தட்டுல சின்ன லட்டு, உங்க தட்டுல பெருசா?" என்று கேட்டுவிட்டார். நிச்சயதார்த்தச் சீருக்கு நூற்றொரு லட்டும் ஒரே அளவில் இருக்க வேண்டுமே என்று தங்களிடம் வந்தால், "கைப்பிடிய இழுங்க மாப்பிள்ளை, அச்சடிச்ச மாதிரி விழும்" என்று அந்த லட்டு பிடிக்கும் இரும்புப் பிசாசை விற்றீர்கள். விழுந்தது. முதல் லட்டு நாற்பத்துமூன்று மில்லிமீட்டர். முப்பது வருஷம் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை பார்த்தவன் சும்மா இருப்பேனா? வெர்னியர் அளவுகோலை எடுத்தேன். மேல் நட்டை அரைச்சுற்று இறக்கினால் முப்பத்தொன்பது, கால்சுற்று ஏற்றினால் நாற்பத்திரண்டு. "லட்டு பண்றீங்களா, லாரி பார்ட்ஸ் பண்றீங்களா?" என்கிறாள் தங்கள் தங்கை. அப்புறம்தான் புரிஞ்சது, குற்றம் நட்டில் இல்லை, பூந்தியை நான் கைக்கு வந்தபடி அள்ளிப் போட்டிருக்கேன். தராசு வெச்சு ஒவ்வொண்ணுக்கும் நாற்பத்தைந்து கிராம் நிறுத்து, நட்டை இறுக்கிப் பூட்டி, கைப்பிடியில தொங்கினேன். சத்தம் கேட்டுக் கீழ்வீட்டு ஜரீனா மேலே வந்து, "என்ன லா, வீட்ட இடிச்சு ரெனவேஷனா?" என்று கேட்டுவிட்டுப் போனார். ஆனால் நூற்றொன்றும் நாற்பது மில்லிமீட்டர், மயிரிழை பிசகவில்லை!

சம்பந்தி வீட்டார் தொடுமுன் சீர்ப் பலகாரத்தில் எச்சில் படக்கூடாது என்று விசாலாட்சி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். ஆகவே எல்லாவற்றையும் அளந்தோம், ஒன்றையும் கடித்துப் பார்க்கவில்லை.

நேற்று நிச்சயதார்த்தத்தில் முதலில் கடித்தவர் மாப்பிள்ளையின் அத்தை ஜெயகௌரி. லட்டு முழுசா வெளியே வந்துச்சு மச்சான், அவங்க பல்செட்டோட. மத்தவங்க வாயில வெச்சதை விழுங்கவும் முடியாம துப்பவும் முடியாம உட்கார்ந்திருந்தாங்க. மரியம்மாள் தங்க சீர்த் தட்டுகளையெல்லாம் வாரிக்கிட்டுப் போயிட்டு வரேன்னுகூடச் சொல்லாமப் போயிட்டாங்க. "கல்யாணம் நின்னா உங்க வெர்னியரையே எனக்குத் தாலி கட்டச் சொல்லுங்கப்பா"ன்னு கதவைச் சாத்தின நிவேதிதா இன்னும் திறக்கலை. ஆத்திரத்தில் மிச்ச லட்டுகளோடு அந்த நட்டையும் கழற்றி அடுக்குமாடிக் குப்பைக் குழாயில் வீசிவிட்டேன். மீதி இயந்திரத்தைத் தாங்களே வந்து தூக்கிப் போய், அப்படியே சம்பந்தி வீட்டார் காலிலும் விழவும்.

தங்கள் கடைக்கும், அதில் நுழையும் அப்பாவிகளுக்கும் ஆண்டவன் துணை.

இப்படிக்கு,
சுரேந்தர்

பி.கு.: உறையை ஒட்டும்போது மரியம்மாள் போன் செய்தார். "நாத்தனார் ஜெயகௌரி இருபத்தாறு வருஷமா என்னைப் பேசவே விட்டதில்ல. நேத்துதான் முக்கால் மணி நேரம் வாயத் திறக்கல. கல்யாணத்துக்கு முந்நூறு வேணும், அதே லட்டு, ஒரு துளி மாறக்கூடாது லா" என்கிறார். இயந்திரம் இங்கேயே இருக்கட்டும். புது நட்டு ஒன்று கொண்டு வரவும். எத்தனை சுற்றில் பூட்டினேன் என்று நான் எழுதி வைக்கவில்லை. அந்தக் கெட்டித்தன்மையை ஒப்பிட்டுப் பார்க்க மிச்சமிருக்கும் ஒரே லட்டு ஜெயகௌரி வீட்டில், பல்செட்டைக் கவ்விக்கொண்டு இருக்கிறதாம். பல்லை அவரிடம் விட்டுவிட்டு, லட்டை மட்டும் உடையாமல் வாங்கி வரவும்.