அம்மாவின் இஸ்திரிப் பெட்டி எத்தனை வாட்?

மின்பொறியாளர் என்று வாசலில் பெயர்ப்பலகை மாட்டியிருக்கும் என் அருமைத் தம்பிக்கு, பலகை ஏதுமில்லாத அக்கா வாழ்த்துக் கூறி வரைவது. இங்கு நானும் உன் அத்தானும் நலம். அத்தானின் இடக்கன்னம் மட்டும் நலமில்லை. காரணம் பின்னர் வரும்.

நீ அன்புடன் அனுப்பிய இன்வெர்ட்டர் வந்து சேர்ந்தது. தொலைபேசியில் நீ இட்ட ஆணையும் காதிலேயே நிற்கிறது: "இது அறுநூறு வாட்டுதான் தாங்கும். அம்மாவோட இஸ்திரிப் பெட்டி எழுநூத்தைம்பது. பழைய இரும்புக்குப் போட்டுடுக்கா." இவ்வீட்டில் அம்மாவின் கைபட்ட பொருளாக எஞ்சியிருப்பது அது ஒன்றே. அதன் வாட் பொறித்த தகட்டில் கறை படிந்து முதல் இலக்கம் மறைந்து "50" மட்டும் நிற்பதை நீ அறிவாய். அப்பா எழுநூற்றைம்பது என்பார். அம்மா நானூற்றைம்பது என்பாள். "தெனம் பிடிக்கிறவளுக்குத் தெரியாதா?" என்று அவள் கேட்டால், "கையாலயா வாட்டு அளப்ப?" என்பார் அவர். ஒரு மழைக்காலத்தில் பெட்டி சூடேறாமல் போக, அப்பா தாமே பழுதுபார்த்து எடுத்துவந்து, "சரிம்மா, நீ சொன்னதுதான். நானூத்தைம்பது" என்று திடீரெனச் சரணடைந்தார். அன்று முழுவதும் அம்மா பாடிக்கொண்டே, தேய்த்த சட்டைகளையே மறுபடி தேய்த்தாள். நீ மட்டும் இன்றுவரை அப்பா கட்சி.

ஆகவே அளந்தே தீர்ப்பது என்று துணிந்தேன். உன் பாடநூலை நீ தலையணையாகவும் நான் பாடநூலாகவும் பயன்படுத்திய நாட்களில் கற்றது எனக்கு மறக்கவில்லை: வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை, பெருக்கினால் திறன். மறந்தது ஒன்றே ஒன்று. மின்னோட்டம் அளக்கையில் மீட்டரைக் கம்பியின் நடுவே இணைக்க வேண்டும், நேராகப் பிளக் துளைகளுக்குள் செருகக் கூடாது. செருகினேன். டப்பென்று ஃபியூஸ் போயிற்று, மின்சவரக் கருவியோடு நின்ற உன் அத்தான் பாதி முகத்துடன் வெளியே வந்து, "ஏம்மா, மீதியை நாளைக்கு எடுத்துக்கவா?" என்றார். சிறுவயதில் இதே பிழையை நான் செய்து வீடே இருண்டபோது, "நான்தாம்பா செஞ்சேன்" என்று முன்னால் போய் நின்று அடி வாங்கியவன் நீ. அன்று நன்றி சொல்லவில்லை; இன்று எழுத்துமூலம் பதிவு செய்கிறேன்.

ஃபியூஸ் மாற்றி, மீட்டரை முறைப்படி இணைத்தேன். மின்னழுத்தம் இருநூற்று முப்பது வோல்ட். மின்னோட்டம் ஒன்று புள்ளி ஒன்பது ஐந்து ஆம்பியர். வகுத்தால் ஏறத்தாழ நூற்றுப் பதினெட்டு ஓம். பெருக்கினால் நானூற்று நாற்பத்தெட்டரை வாட். குறைகிற ஒன்றரை வாட்டை நீ பெருந்தன்மையோடு மறந்துவிட வேண்டும். எழுநூற்றைம்பதாக இருந்தால் மீட்டர் மூன்றேகால் காட்டியிருக்கும். ஆகவே அம்மா வென்றாள். அப்பாவும் நீயும் தோற்றீர்கள். பெட்டி இங்கேயே இருக்கும்.

உன் வீட்டு விளக்குகள் ஒன்றும் மங்காதிருக்க வாழ்த்தும்,
அக்கா.

பின்குறிப்பு: வெற்றிக் களிப்பில் பெட்டியைத் துடைத்து மெருகேற்றினேன். கறை போய்த் தகட்டின் முதல் இலக்கம் தெரிந்துவிட்டது. ஏழு. கணக்கு பொய்க்காதே என்று திருகாணிகளைக் கழற்றினேன். உள்ளே இருப்பது பெட்டியோடு வந்த சூடேற்றும் கம்பிச்சுருளே அல்ல; அந்த மழைக்காலத்தில் மாற்றியது. மூடியின் உட்புறத்தில் ஆணியால் கீறிய அப்பாவின் கையெழுத்து: "450. அவள் சொன்னபடியே." மேலே எழுதிய தீர்ப்பை அடித்துவிடு. பெட்டியை மட்டும் கேட்காதே.