ஜிலேபிக்குப் போட்ட சின்ன வெங்காயம்

நாயைச் சாக்காக வைத்துக்கொண்டு சொந்தப் பெண்டாட்டியிடம் பேசிய ஆண்கள் இந்த உலகத்தில் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. ஒருவன் பெரம்பலூரில் இருக்கிறான். அவன் கேரட் துருவுவான், பூசணிக்காய் வேக வைப்பான், முட்டை உரிப்பான். ஒரு தடவை அதோடு நிறுத்திக்கொள்ளாமல் போனதால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

எங்களுக்குக் கல்யாணமாகி எட்டாவது மாதம் கயல்விழிக்கு அரசுப் பள்ளியில் ஆசிரியை வேலை கிடைத்தது. தெரு முழுக்க இனிப்புக் கொடுத்தோம். அப்புறம் உத்தரவை நிதானமாகப் படித்தால், ஓசூர் பக்கம் ஒரு கிராமம். ஆத்தூர், சேலம், கிருஷ்ணகிரி என்று பஸ் மாறிப் போக ஏழு மணி நேரம். (கொடுத்த இனிப்பைத் திரும்பக் கேட்கவா முடியும்?) எனக்கு ஆலத்தியூர்ப் பக்கம் ஒரு சிமென்ட் ஆலையில் லாரிகளை எடை போடும் வேலை. அதை விட்டுவிட்டுப் பின்னாலேயே போக முடியாது. அவள் அங்கே, நான் இங்கே, பதினைந்து நாளுக்கு ஒரு சனிக்கிழமை அவள் வருவாள் என்று முடிவாயிற்று.

என்னோடு வீட்டில் மிஞ்சியது ஜிலேபி. அரியலூரிலிருந்து கயலின் சீர்வரிசையோடு வந்த நாய். கட்டில், பீரோ, ஜிலேபி என்று அந்த வரிசையில்தான் வேனிலிருந்து இறங்கினாள். ஆரஞ்சு கலந்த பழுப்பு நிறம், மூன்று சுற்றுச் சுற்றிய வால். குட்டியாக இருந்தபோது கண்டதைத் தின்று வயிறு கெட்டுப்போனதால், அதற்குப் பிறகு கடையில் விற்கும் காய்ந்த பாக்கெட் தீனிதான். காலையில் ஒரு கிண்ணம், சாயங்காலம் ஒரு கிண்ணம். கயல் இருந்தவரை மிச்சம் வைத்ததில்லை.

கயல் ஓசூர் பஸ் ஏறிய அன்றிலிருந்து ஜிலேபி தட்டைத் தொடவில்லை. மோந்து பார்ப்பாள், கேட்டைப் பார்ப்பாள், படுத்துக்கொள்வாள். எனக்கும் அந்த வாரம் ஒன்றும் இறங்கவில்லை என்பது வேறு விஷயம். அதைக் கவனிக்க ஆள் இல்லை.

அப்போது எங்கள் போன் பேச்சு எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன்.

"சாப்புட்டீங்களா?"

"ம்."

"என்ன சாப்புட்டீங்க?"

"சாப்பாடுதான்."

"சரி... அப்ப வச்சிடவா?"

"ம்."

இவ்வளவுதான். (இப்படிப்பட்டவனுக்குக் கழுத்தை நீட்டினாளே என்று இப்போதும் அவளுக்காகப் பரிதாபப்படுவேன்.) பேச ஆசை இல்லாமல் இல்லை. நாள் முழுக்க லாரிகளுக்கு நடுவில் நின்றபடி அவளிடம் சொல்ல வேண்டியதை மனசுக்குள் அடுக்கி வைப்பேன். போன் அடித்ததும் எல்லாம் தொண்டையில் நின்றுவிடும். ஆனால் ஜிலேபி சாப்பிடவில்லை என்று சொன்ன அன்றைக்கு மட்டும் இருபது நிமிஷம் பேசினோம். மறுநாள் வீடியோ காலிலேயே வந்தாள். "ஜிலேபியைக் காட்டுங்க" என்றாள். நான் போனை நாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு, அவள் முகத்தைத் தலைகீழாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவே போதுமானதாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை வந்தவள், நோட்டுத் தாளைக் கிழித்து ஒரு பட்டியல் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். பாக்கெட் தீனியில் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, அதன்மேல் இவற்றில் ஏதாவது ஒன்றிரண்டைச் சேர்க்க வேண்டும்: வேக வைத்த கேரட், பூசணிக்காய், பீன்ஸ், அவித்த முட்டை, எலும்பில்லாத கோழி, ஒரு ஸ்பூன் தயிர். உப்பு, காரம், எண்ணெய் கிடையாது. கீழே சிவப்பு மையில் கூடாதவை: திராட்சை, சாக்லேட், வெந்த எலும்பு, பூண்டு, வெங்காயம். வெங்காயத்துக்கு மட்டும் அடியில் இரண்டு கோடு. வாத்தியாரம்மா அல்லவா.

கிளம்பும்போது ஒன்று சொன்னாள். "அடுத்த தடவை வர்றப்பயும் இப்படியே எலும்பும் தோலுமா இருந்தான்னா நான் கூட்டிட்டுப் போயிடறேங்க. அங்க வூட்டுக்காரம்மா நாய் வச்சிக்கச் சொல்லிட்டாங்க." (ஜிலேபி பெண் நாய்தான். கொஞ்சும்போதும் கவலைப்படும்போதும் கயலுக்கு அவள் "அவன்" ஆகிவிடுவாள்.)

ஜிலேபியும் போய்விட்டால் தினமும் போன் எதற்கு வரும்? "சாப்புட்டீங்களா", "ம்", அவ்வளவோடு முடிந்துவிடும். வீடியோ கால் என் மூஞ்சிக்காகவா வரப்போகிறது? பதினைந்து நாளுக்கு ஒருமுறை வருவது மாதத்துக்கு ஒருமுறையாகும், அப்புறம் தீபாவளி பொங்கலுக்கு என்றாகும். ஒரு நாயின் பசியில்தான் என் குடும்பம் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று அன்றைக்கு நிஜமாகவே நம்பினேன்.

முதல் நாலு நாள் பட்டியல்படிதான் நடந்தேன். கேரட்டைத் துருவி வேக வைத்துத் தீனியோடு கலந்தேன். ஜிலேபி கேரட்டை மட்டும் நக்கி எடுத்துவிட்டுத் தீனி உருண்டைகளைத் துடைத்து வைத்ததுபோல விட்டுவிட்டாள். முட்டை போட்டால் முட்டை மட்டும் காணாமல் போகும். பூசணிக்காயை மசித்து ஒவ்வொரு உருண்டையிலும் தனித்தனியாகத் தடவினேன். (அன்றைக்கு வேலைக்கு அரை மணி நேரம் தாமதம். மேனேஜரிடம் காரணம் சொல்லவில்லை.) அதையும் நக்கிவிட்டு உருண்டையை என் காலடியில் துப்பினாள்.

ஐந்தாம் நாள் என் புத்தி வேலை செய்தது. எங்கள் வயலே வெங்காய வயல். பெரம்பலூர்ச் சின்ன வெங்காயத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். சளிக்கு வெங்காயம், சூட்டுக்கு வெங்காயம், கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள வெங்காயம். அடுக்களையில் ஒரு மூட்டை நின்றுகொண்டிருந்தது. ஒரு பிடி எடுத்து நெய்யில் வதக்கி, கோழி வேக வைத்த தண்ணீரை ஊற்றி, கொதித்ததைத் தீனிமேல் கவிழ்த்தேன். வாசனை தெருமுனை வரை போயிருக்கும். ஜிலேபி தட்டைத் தலைகீழாகக் கவிழ்த்து அடிப்பக்கத்தையும் நக்கினாள்.

சிவப்புக் கோடுகளைப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன். அரியலூர்ப் பெண்ணுக்குச் சுண்ணாம்புக்கல்லைப் பற்றித் தெரிந்திருக்கலாம், வெங்காயத்தைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் வயல் வெங்காயம் ஒரு ஜீவனுக்குக் கெடுதல் செய்யுமாம்! எழுதியவளின் அறியாமையை மன்னித்துவிட்டு வாணலியை அடுப்பில் வைத்தேன்.

ஆறு நாள் ராஜபோகம். ஜிலேபிக்கு விலா எலும்பு மறைந்தது. வீடியோ காலில் கயல் வாயைப் பிளந்தாள்.

"எப்படிங்க? நான் ஊட்டுனாக்கூட இப்படித் திங்க மாட்டாளே!"

"எல்லாம் உன் லிஸ்டுதான்" என்றேன். கூடவே, "கொஞ்சம் அன்பு" என்றும் சேர்த்தேன். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக நான் இன்னும் ஒரு மூட்டை உரித்திருப்பேன்.

கயல் போன பதினோராம் நாள், வியாழக்கிழமை காலை, ஜிலேபி எழுந்திருக்கவில்லை. கூப்பிட்டால் வால் நுனி மட்டும் அசைந்தது. ஈறு வெளுத்திருந்தது. வாசலில் அவள் சிறுநீர் கழித்த இடம் கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. தெருவில் போன லோடு ஆட்டோவை நிறுத்தி, அவளைப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஏறினேன்.

கால்நடை மருத்துவமனையில் நல்ல கூட்டம். இரண்டு பசு, ஏழெட்டு ஆடு, கூடையில் ஒரு சேவல். டாக்டரம்மா ஜிலேபியின் ஈறைத் தூக்கிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்ன சாப்பாடு குடுக்குறீங்க?"

நான் பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னேன். "பாக்கெட் தீனி, கேரட், பூசணிக்காய், முட்டை, தயிர் டாக்டர்."

"வேற?"

"கோழி... எலும்பில்லாம."

"வேற?"

குரலைத் தாழ்த்திக்கொண்டேன். "கொஞ்சம் சின்ன வெங்காயம்."

"கொஞ்சம்னா?"

"அஞ்சாறு."

"நாளைக்கு அஞ்சாறா?"

"வேளைக்கு..."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். பின்னால் ஆட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவர் ஆவலோடு எட்டிப் பார்த்தார். "செட்டிகுளத்து வெங்காயமா தம்பி?"

"ஆமாங்க" என்றேன். (அந்த நிலைமையிலும் எனக்குள் ஒரு பெருமை எட்டிப் பார்த்தது.)

"எந்த ஊர்க் காயா இருந்தா என்னங்க?" என்று டாக்டரம்மா எங்கள் இரண்டு பேரையும் சேர்த்தே அதட்டினார். "நாய்க்கு வெங்காயம் ரத்தத்தையே உடைச்சிடும். இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா பொழைச்சிருக்காது. வெளில வெயிட் பண்ணுங்க, ட்ரிப்ஸ் போடணும்."

வெளியே வேப்பமரத்தடியில் நிற்கும்போது போன் அடித்தது. வீடியோ கால். பள்ளியில் இடைவேளை நேரம். கயல் ஒருநாளும் அந்த நேரத்தில் கூப்பிட்டதில்லை. முகத்தைக் காட்டாமல் கேமராவை மரத்துப் பக்கம் திருப்பி எடுத்தேன்.

"எங்க இருக்கீங்க?"

"ஜிலேபியோட வாக்கிங் வந்தேன்."

"வேலைக்குப் போவலையா?"

"அது... இன்னிக்கு..."

பக்கத்தில் நின்ற பசு 'ம்மா' என்று கத்தியது. கயல் கண்ணைச் சுருக்கினாள். அடுத்த நொடியே மருத்துவமனை வாசலிலிருந்து உதவியாளர் தெருவுக்கே கேட்கிற மாதிரி குரல் கொடுத்தார்.

"நாய்க்கு வெங்காயம் போட்டவர் யாருங்க? உள்ள வாங்க!"

மரத்தடியில் இருந்த அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். போனில் இருந்தவளும் பார்த்தாள். கயல் திட்டுவாள் என்று காத்திருந்தேன். "பஸ் ஏறுறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

சாயங்காலம் ஆறு மணிக்குப் புது பஸ் ஸ்டாண்டில் அவள் இறங்கியபோது கழுத்தில் பள்ளி அடையாள அட்டையைக்கூடக் கழற்றவில்லை. புடவையில் சாக்பீஸ் தூள். அவளைக் கண்டதும் என் மனசு துள்ளியதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். என்னால் ஒரு வாயில்லாப் பிராணி சாகக் கிடக்கிறது, நான் வியாழக்கிழமையே பெண்டாட்டியைப் பார்த்துவிட்ட சந்தோஷத்தில் நிற்கிறேன். அதற்காக என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

"ஜிலேபி எங்க?" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் வண்டியில் பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

ட்ரிப்ஸ் முடிந்து வீட்டுக்கு வந்த ஜிலேபி கூடத்தில் போர்வைமேல் கிடந்தாள். கயல் கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றும் சத்தத்துக்கே தலையைத் தூக்கினாள். அந்த மூன்று சுற்று வால் தரையில் பட்பட்டென்று அடித்தது. கயல் பக்கத்தில் உட்கார்ந்து, பாக்கெட் தீனியில் கொஞ்சம் வெந்நீர் தெளித்து ஊற வைத்து, வெந்த பூசணிக்காயைப் பிசைந்து, உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். ஜிலேபி மெதுவாகத் தின்றாள். உருண்டை ஒன்றுகூடத் துப்பவில்லை. கேரட்டும் தேவைப்படவில்லை, நெய்யும் தேவைப்படவில்லை. பக்கத்தில் உட்கார ஒரு ஆள்தான் தேவைப்பட்டிருக்கிறது. எனக்கு அது அப்போதுதான் உறைத்தது.

"லிஸ்ட்ல ரெண்டு கோடு போட்டிருந்தேனே. ஏங்க இப்படிப் பண்ணீங்க?" என்று கேட்டாள். குரலில் கோபத்தைவிட அசதிதான் இருந்தது.

அன்றைக்கு மட்டும் எனக்கு எப்படியோ வாய் வந்தது. "அவ இளைச்சிட்டா நீ கூட்டிட்டுப் போயிடுவ. போயிட்டா அப்புறம் யாருக்கு போன் பண்ணுவ?"

கயல் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"லூசாங்க நீங்க? நான் உங்களுக்குத்தான் போன் பண்றேன். சாப்புட்டீங்களான்னு கேட்டா 'ம்'ங்கிறீங்க. ஜிலேபி சாப்புட்டாளான்னு கேட்டாத்தான் வாயைத் தொறந்து இருபது நிமிஷம் பேசுறீங்க. நான் என்ன பண்ணட்டும்?"

ஆக, அந்த நாயைச் சாக்கு வைத்தது நான் மட்டுமில்லை. இரண்டு பேரும் இரண்டு பக்கமும் ஒரே நாயைப் பிடித்துத் தொங்கியிருக்கிறோம். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் தரையில் உட்கார்ந்திருந்தோம். அவள் கையில் மிச்சமிருந்த பூசணிக்காயை ஜிலேபி நக்கி முடித்தாள்.

ஜிலேபி தேற மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூட்டை வெங்காயத்தைக் கயல் அரியலூருக்குத் தன் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். அங்கே இன்றுவரை நான் சாப்பிட உட்கார்ந்தால் மச்சான் சாம்பார் வாளியோடு வந்து நின்று, "மாப்ள, வெங்காயம் போட்டிருக்கு. டாக்டரைக் கேட்டுட்டு ஊத்தவா?" என்று கேட்காமல் ஊற்றுவதில்லை.

இது நடந்து ஆறு வருஷமாகிறது. இடையில் கயலுக்கு மாறுதல் கிடைத்து நாலு வருஷம் ஒன்றாக இருந்தோம். போன வருஷம் பதவி உயர்வு கொடுத்து மறுபடியும் கிருஷ்ணகிரிப் பக்கமே அனுப்பிவிட்டார்கள். இந்தத் தடவை நாங்கள் தெருவுக்கு இனிப்புக் கொடுக்கவில்லை. ஜிலேபிக்கு மூஞ்சி நரைத்துவிட்டது. பல் இரண்டு போய்விட்டதால் தீனியை வெந்நீரில் ஊற வைத்துத்தான் தருகிறேன். மேலே கொஞ்சம் கேரட், கொஞ்சம் பூசணி, ஒரு ஸ்பூன் தயிர். அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே நானும் என் தட்டை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருப்பேன்.

"நீ இல்லாமல் வீடு வீடாக இல்லை" என்றெல்லாம் போனில் சொல்ல எனக்கு இன்னும் வாய் வருவதில்லை. ரொம்பவும் தாங்க முடியாமல் போகிற நாளில் கயலுக்கு ஒரே ஒரு வரி அனுப்புவேன்.

'வெங்காயம் உரிக்கட்டுமா?'

பள்ளி இடைவேளையில் பதில் வரும்.

'கத்தியைக் கீழ வைங்க. வெள்ளிக்கிழமை வரேன்.'