நான் கொடுக்காத வாக்குறுதி

இனி காலை ஏழு மணிக்கு முன்னால் செருப்பு மாட்டுவதில்லை என்று சபதம் எடுத்தேன். மனசுக்குள்தான். மனைவி பக்கத்தில் இருந்தாள்.

எனக்குச் சர்க்கரை. "தினமும் மூச்சு வாங்கற அளவுக்கு வேகமா நடங்க. சர்க்கரை இருக்கறவங்களுக்கு வயசானா ஞாபகமும் மங்கலாம். நடந்தா ரெண்டுக்குமே நல்லது" என்றார் டாக்டர். சொன்னது என்னிடம். கேட்டுக்கொண்டது அவள்.

ஞாபகம் மங்குமா? எனக்கா? பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன் நான். எந்த ராஜா எந்த வருடம் செத்தான் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். எழுப்புவதுதான் பிடிக்காது. அப்போதுதான் அந்த யோசனை வந்தது.

மறுநாள் காலை.

"ஏங்க, நடக்கப் போகல?"

"நடக்கணுமா? யார் சொன்னா?"

"டாக்டர்."

"எந்த டாக்டர்?"

அவள் முகம் வெளுத்துவிட்டது. "இப்படியே போனா ஒரு நாள் என்னையே யாருன்னு கேப்பீங்களா?"

பாவமாகத்தான் இருந்தது. ஆனால் தலையணை சுகமாக இருந்தது.

ஒரு வாரம் ராஜபோகம். ஒரே ஒரு சறுக்கல். டிவி வினாடி வினாவில் ராஜாக்களைப் பற்றிக் கேட்டார்கள். போட்டியாளர் வாயைத் திறப்பதற்குள் நான் வருடத்தைக் கத்திவிட்டேன். அவள் டிவியை விட்டுவிட்டு என்னையே பார்த்தாள்.

விடிந்ததும் கட்டிலருகே ஷூவோடு நின்றாள்.

"கிளம்புங்க. நேத்து ராத்திரி சத்தியம் பண்ணீங்களே?"

"என்ன சத்தியம்?"

"தினம் என்னோட நடக்கறேன், வந்து பாத்திரமும் நானே கழுவறேன்னு. மறந்துட்டீங்களா?"

அப்படிச் சொல்லவே இல்லை என்று மறுத்தால் ஞாபகம் கெட்டியாக இருக்கிறது என்று ஆகிவிடும்.

"ஆமா... மறந்துட்டேன்."

"பரவால்ல. ஞாபகப்படுத்தத்தான் நான் இருக்கேனே."

அவள் முன்னால் பறந்தாள். நான் பின்னால் நாக்குத் தள்ள ஓடினேன். என் வாக்குறுதிகளும் நாளுக்கு நாள் வளர்ந்தன. ஜன்னல் துடைப்பதாகச் சொல்லியிருந்தேன். மச்சினி வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பதாகச் சொல்லியிருந்தேன். டீயில் சர்க்கரையே வேண்டாம் என்று கண் கலங்கிச் சொன்னேனாம்!

சில மாதம் கழித்து டாக்டர் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, "சர்க்கரை நல்லா இறங்கியிருக்கு" என்று கை குலுக்கினார். இதுதான் சமயம் என்று வீட்டுக்கு வந்ததும் பொங்கினேன்.

"எனக்கு எல்லாம் நல்லா ஞாபகம் இருக்கு! அன்னிக்கு ராத்திரி நான் சத்தியமும் பண்ணல, பாத்திரத்தைப் பத்திப் பேசவும் இல்ல!"

அவள் கைதட்டினாள்.

"பாத்தீங்களா, நடந்ததுல ஞாபகம் திரும்பிடுச்சு! நாளையிலேர்ந்து சாயங்காலமும் நடப்போம்."