மாமனாரும் மொட்டைமாடிச் சாவியும்

புயல் மழை எச்சரிக்கை வந்தால் சில ஆண்களுக்குள் ஒரு கலெக்டர் எழுந்து உட்கார்ந்துவிடுவார். எனக்குள் எழுந்தவர் என் மாமனாரைக் கொல்லப் பார்த்தார். எழுதும்போதே காது சுடுகிறது.

அப்போது எனக்குக் கல்யாணமான புதிது. கோவில்பட்டியிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு வந்து, அயனம்பாக்கம் ஏரிப் பக்கம் ஒரு சின்ன அடுக்குமாடியில் குடியிருந்தோம். கள்ளிக்குப்பத்திலிருந்து மனைவி ஸ்டெல்லாவின் அப்பாவும் அம்மாவும் வந்திருந்தார்கள். அன்று மத்தியானம் போனில் எச்சரிக்கை வந்தது: இரவு முழுக்க இடி, மின்னல், பலத்த காற்று.

உடனே நான் பொறுப்பேற்றேன் (யாரும் கொடுக்கவில்லை). வாளி, குடம், சாம்பார் சட்டி உட்பட எல்லாவற்றிலும் தண்ணீர் பிடிக்க வைத்தேன். கரண்ட் போய்விடும் என்று மாமனாரின் கையிலிருந்த போனையே வாங்கி சார்ஜில் போட்டேன். காற்றில் தண்ணீர்த் தொட்டியின் மூடி பறந்து யார் மண்டையையாவது பிளக்கும் என்று ஒரு சொற்பொழிவும் ஆற்றினேன். சாயங்காலம் மொட்டைமாடிக் கதவைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் அறிவித்தேன்: 'மாடிக் கதவு பூட்டப்பட்டது. காற்றில் சத்தம் வரும். யாரும் பயப்பட வேண்டாம்.' கட்டைவிரல்கள் குவிந்தன. பூட்டுமுன் மேலே எட்டிப் பார்க்கத்தான் தோன்றவில்லை.

இருட்டியதும் மழை பிடித்துக்கொண்டது. கரண்ட் போனது. மாடியில் தடதடவென்று சத்தம்.

"மேல யாரோ தட்றாப்ல கீதே" என்றார் மாமியார்.

"காத்து, அத்தை."

"காத்து இன்னா, நின்னு நின்னு தட்டுமா?"

காற்று ஏன் விட்டு விட்டு அடிக்கிறது என்று அவருக்கு விளக்கினேன். (பொறுமையாக. அதுதான் இன்னும் அவமானம்.) கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றுவிட்டது. பிறகுதான் மாமனார் வீட்டில் இல்லை என்பது தெரிந்தது. பிரட் வாங்கப் போயிருப்பார் என்று சொல்லிவிட்டு, ரெயின்கோட்டும் டார்ச்சுமாக வீரனைப்போல் கிளம்பினேன். கடை கடையாக விசாரித்தேன். ஏரிக்கரை வரைக்கும் போய் "மாமா, மாமா" என்று கத்தினேன். சாவி என் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு என்கூடவே வந்தது.

தொப்பலாகத் திரும்பியபோது ஸ்டெல்லா படிக்கட்டில் நின்றிருந்தாள். எதிர்வீட்டு அக்கா போன் செய்தாராம்; மின்னல் வெளிச்சத்தில் எங்கள் மாடியில் ஓர் ஆள் உட்கார்ந்திருப்பது தெரிந்ததாம்.

"சாவியக் குடு" என்றாள். அவள் என்னிடம் அத்தனை மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

என் சொற்பொழிவை நம்பிய ஒரே ஜீவன், யாரிடமும் சொல்லாமல் தொட்டி மூடியைக் கட்ட மேலே போயிருக்கிறது. நாங்கள் கதவைத் திறந்தபோது, தொட்டிக்கு அடியில் குறுகி, அந்த மூடியையே தலைக்கு மேல் பிடித்தபடி மாமனார் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார். தட்டித் தட்டி விரல் முட்டிகள் சிவந்திருந்தன. பக்கத்திலேயே எங்கோ ஓர் இடி விழுந்தது.

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

"இன்னா மாப்ள, சாவி பத்திரமா கீதா?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். துண்டால் அவர் தலையைத் துவட்டும்போது அழுதுவிட்டேன். மழைத் தண்ணீர் என்று சமாளித்தேன். அவருக்கு வந்த காய்ச்சல் விடும்வரை மாமியார் என்னிடம் பேச வேண்டியதையெல்லாம் ஸ்டெல்லா வழியாகவே பேசினார்.

இப்போதும் மாமனார் வந்திருக்கும்போது வானம் கறுத்தால், செய்கிற வேலையை விட்டுவிட்டு என் எதிரில் வந்து கைகட்டி நிற்பார்.

"மாப்ள, நான் கீழதான் கீறேன். நல்லா பாத்துக்கோ."

வீடே சிரிக்கும். நான் அவரை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்வேன்.