மெதுவா அண்ணனும் ஒற்றைப் படிகமும்

தஞ்சாவூர் ஜில்லாவிலேயே, தரைக்கு வலிக்குமோ என்று பயந்து நடந்த ஒரே மனிதர் மெதுவா அண்ணன்தான். எங்கள் ஆய்வுக்கூடத்தின் மூத்த ஆராய்ச்சி மாணவர், குடவாசல்காரர். யார் கதவைத் திறந்தாலும் "மெதுவா, மெதுவா" என்பார். அவருடைய நிஜப் பெயர் அடையாள அட்டையில் மட்டும்தான் இருந்தது.

எங்கள் பிழைப்பு ஒரு நொதி. அது மற்ற புரதங்களின் மேல் மெத்தில் என்ற குட்டி அணுக்கூட்டத்தை ஒட்டவைக்கும். எப்படிப் பிடித்து ஒட்டுகிறது என்று பார்க்க, அந்த நொதியைப் படிகமாக வளர்த்து எக்ஸ்ரே காட்ட வேண்டும். சொல்ல ரெண்டு வரி, செய்து பார்த்தால் ஆயுசு போகும். அதிர்ந்தால் வளராது, சூடு ஏறினால் வளராது, பல சமயம் காரணமே இல்லாமல் வளராது. நினைத்தால் இப்போதும் அலுப்பாக இருக்கிறது.

அதனால் அண்ணன் உள்ளே செருப்பைத் தடை செய்தார். தும்மல் வந்தவர்களை வராந்தாவுக்கு விரட்டினார். பக்கத்து வயலில் அறுப்பு மெஷின் இறங்கிய அன்று வரப்பிலேயே போய் நின்றுவிட்டார்.

"என்னங்க, ரெண்டு நாள் கழிச்சு அறுங்களேன். உள்ள படிகம் வளருது."

"மழை வந்தா உங்க படிகமாங்க வந்து நெல்லை அள்ளும்?" என்றார் வயல்காரர்.

திரும்பி வந்தவர் மடியில் தலையணை வைத்து, அதன் மேல் படிகத் தட்டுகளை அடுக்கிக்கொண்டு, சாயங்காலம் வரை அசையாமல் உட்கார்ந்திருந்தார். டீ கூட நாங்கள்தான் ஊட்டினோம்.

மூன்றாம் வருஷம் எனக்கு முதல் படிகம் வந்தது. அப்படியொரு பளபளப்பு! துறை முழுக்க அசோகா அல்வா கொடுத்தேன். அண்ணன் மட்டும் ஊசியோடு வந்தார். "ஒரு குத்து குத்திப் பாத்துடலாமாம்மா?" புரதப் படிகம் என்றால் உதிரும், உப்பு என்றால் கல்லாக நிற்கும். குத்தினார். 'டிக்' என்றது. உப்பேதான். மனசுக்குள் அவரைத் திட்டாத திட்டில்லை.

அப்புறம் ஒன்றரை வருஷம் வெறும் கலங்கல் தண்ணீர். என் ஆய்வேட்டுக்கான கெடு மூன்று மாதத்தில் முடியப்போகிறது என்றபோது, ஒரே கரைசலில் வைத்த என் தட்டிலும் அண்ணன் தட்டிலும் ஆளுக்கு ஒரே ஒரு படிகம் வந்தது. பேராசிரியர் மசியவில்லை.

"அல்வா தின்ன வாயால சொல்றேம்மா, உப்பைத் தூக்கிக்கிட்டு எக்ஸ்ரேக்கு வெளியூர் போக நான் கையெழுத்துப் போட மாட்டேன். புரதம்தான்னு முதல்ல காட்டு."

காட்டக் குத்த வேண்டும். குத்தினால் படிகம் போச்சு. என்ன செய்வேன்? மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்து அழுதேன்.

அண்ணன் தன் தட்டை இழுத்தார். ஒன்பது வருஷத்தில் அவருக்கு வந்த முதல் படிகம் அது.

"ஐயோ, வேணாம்ணா!"

குத்திவிட்டார். சத்தமே இல்லை. பொலபொலவென்று உதிர்ந்தது.

"புரதம்தாம்மா. உன்னோடதும் இதேதான். கிளம்பு."

"நீங்க என்னண்ணா பண்ணுவீங்க?"

"எனக்கென்ன அவசரம்?" என்றார். புதுத் தட்டு ஒன்றை எடுத்து, சொட்டுச் சொட்டாகக் கரைசல் விட ஆரம்பித்தார்.

நொதியின் வடிவம் கிடைத்தது, எனக்குப் பட்டமும் கிடைத்தது. இன்றும் யாராவது 'டாக்டர்' என்று கூப்பிட்டால், அண்ணனைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று ஒரு கணம் திரும்பிப் பார்க்கிறேன்.