ஜீப்பைக் காப்பாற்றப் போனவர்

உயிரே போனாலும் ஜீப்பைக் கொடுப்பதில்லை என்று மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் குளியலறைக்குள் நின்று முடிவெடுத்தார். வீட்டில் அவர் சுயமாக முடிவெடுக்கக்கூடிய இடம் அது ஒன்றுதான்.

ஒன்றரை வருடமாக இழைத்து இழைத்து மாற்றிய ஜீப். இடுப்பு உயர டயர். சேற்றில் சிக்கினால் இழுக்க முன்னால் இரும்புக் கயிறு. கூரையில் எட்டு விளக்கு. காடு, மலை, ஆறு எதையும் தாண்டும் என்பார். இதுவரை தாண்டியது வேகத்தடைகளைத்தான்.

கணக்கு டீச்சரான மனைவிக்கு லைசென்ஸ் உண்டு. ஜீப்பைத் தொட அனுமதி இல்லை.

“ஒரு கீறல் விழுந்தா என்ன ஆகும்? இதோட மதிப்பு உனக்குத் தெரியுமா?” என்று அன்று காலையும் கேட்டார்.

“அவ்வளவு மதிப்புன்னா இதைக் கொடுத்துட்டு, நான் ஓட்டுற மாதிரி சின்னக் கார் ஒண்ணு வாங்கலாம். நாளைக்கே ஷோரூம் போறோம்.”

குளியலறைக்குள் போனது அதற்குப் பிறகுதான்.

சாயங்காலமே தனியாக ஷோரூமுக்கு ஓடினார். மேனேஜர் அவரிடம் கண்ணாடி வாங்குகிறவர்.

“நாளைக்கு வீட்டம்மாவோட வருவேன். ஜீப்பை வாய்க்கு வந்தபடி மட்டம் தட்டணும். விக்கிற எண்ணமே விட்டுப்போகணும். உங்களுக்கு ஒரு கண்ணாடி இலவசம்.”

“கவலையை விடுங்க சார்.”

மறுநாள் மேனேஜர் ஜீப்பைச் சுற்றி வந்தார். டயரை உதைத்தார். உச்சுக் கொட்டினார்.

“கண்டதை மாட்டி மதிப்பே போயிடுச்சு மேடம். பழைய இரும்புக்குப் போட்டாக்கூட, எடுக்கிறவன் நம்மகிட்ட கூலி கேப்பான்.”

“பாத்தியாம்மா?” கடைக்காரர் முகத்தைத் தொங்கப்போட்டார். “நம்ம தலையெழுத்து. நாமளே வெச்சுக்க வேண்டியதுதான்.”

“சரி, வெச்சுக்கலாம்” என்றார் டீச்சர்.

கடைக்காரருக்கு உச்சி குளிர்ந்தது. டீச்சர் மேனேஜர் பக்கம் திரும்பினார்.

“இதுல கீறல் விழுந்தா?”

“இனிமே குறையறதுக்கு என்ன மேடம் இருக்கு!”

“சுவத்துல இடிச்சா?”

“சுவத்துக்குத்தான் நஷ்டம் மேடம்.”

கடைக்காரர் மேனேஜரின் காலை மிதித்தார். மேனேஜர் அதை ஆக்சிலரேட்டர் என்று எடுத்துக்கொண்டார்.

“ஓட்டிப் பழக இதைவிடத் தோதான வண்டி கிடைக்கவே கிடைக்காது மேடம்!”

டீச்சர் கணவரிடம் கையை நீட்டினார். “சாவி.”

“இல்லம்மா, அது வந்து...”

“ஏன்? மதிப்பு ஏதாவது இருக்கா?”

இருக்கிறது என்றால் நேற்றைய சதி அம்பலமாகும். இல்லை என்றால் சாவி போகும். சாவி போனது.

டீச்சர் ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினார். “பின்னால யாராவது வர்றாங்களா பாருங்க.”

தன் ஜீப்புக்குப் பின்னால் நின்று, “வரலாம்... வரலாம்...” என்று கடைக்காரர் கை காட்டினார்.

டீச்சர் தலையை வெளியே நீட்டினார்.

“எங்கே போனாலும் என் போன் நம்பரைக் கொடுக்கிற பழக்கத்தை விடுங்க. ‘சார் நேத்து வந்தாங்களே, எங்க சேவை எப்படி இருந்துச்சு’ன்னு காலையிலேயே ஷோரூம் பொண்ணு கூப்பிட்டுக் கேட்டா. ரொம்பத் திருப்தின்னு சொல்லிட்டேன்.”