உலகநாதன் காது கொடுத்தார்

"அப்ப ஞாயித்துக்கெழம காலைல பத்து மணிக்கு வந்துடறோம் சார். எட்டு பேருதான்" என்றார் முனியன்.

"ம்" என்றார் உலகநாதன்.

முனியனின் சைக்கிள், கம்பெனி கேட்டைத் தாண்டி மறைந்த பிறகுதான், எட்டுப் பேர் எங்கே வருகிறார்கள், எதற்கு வருகிறார்கள் என்ற கேள்வி அவருக்குள் மெல்லத் தலைதூக்கியது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் வால்வு செய்யும் கம்பெனி அது. உலகநாதன் அங்கே ஃபோர்மேன். முனியன் லேத் மிஷினில் நிற்பவர், பக்கத்து நூம்பல் ஊர்க்காரர். ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அன்றைக்கு அவர் ரொம்பப் பேசிவிட்டார் என்று அர்த்தம். அப்படிப்பட்ட மனிதர் நேற்று, புதன்கிழமை, சாப்பாட்டு நேரம் முழுக்கத் தன் எதிரே உட்கார்ந்து மனம் திறந்திருக்கிறார் என்பதில் உலகநாதனுக்கு ஏகப் பெருமை. எல்லாம் பயிற்சியின் மகிமை.

இருபது வருடமாக உலகநாதனிடம் யாரும் ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்லி முடித்ததில்லை. "சார், மூணாம் நம்பர் மிஷின்ல" என்று ஆரம்பித்தால் "பெல்ட்டுதானே, மாத்து" என்று முடித்து வைத்துவிடுவார். பெல்ட்டை மாற்றி முடிப்பதற்குள் மோட்டார் புகைந்து அடங்கியிருக்கும். இப்படி மூன்றாவது மோட்டாரும் புகைந்ததும், நிர்வாகம் அவரைப் பட்டணத்தில் ஒரு பெரிய ஓட்டலுக்கு மூன்று நாள் அனுப்பி வைத்தது. பிறர் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்பது எப்படி என்று அங்கே வகுப்பு எடுத்தார்கள்.

திரும்பி வரும்போது ஒரு பிளாஸ்டிக் ஃபைலும், ஒரு சான்றிதழும், மூன்று விதிகளும் கொண்டுவந்தார். பேசுபவர் கண்ணைப் பார். தலையை ஆட்டு. "ம்" சொல். சான்றிதழைக் கண்ணாடி போட்டு, வீட்டில் முருகன் படத்துக்கு ஒரு சாண் மேலே மாட்டினார். கம்பெனியில் கிடைத்த ஆளையெல்லாம் பிடித்து உட்காரவைத்து விதிகளை விளக்கினார். கேன்டீனில் பலருக்குச் சாம்பார் ஆறிப்போயிற்று.

இப்போது சிக்கல் என்னவென்றால், முனியன் பேசியதில் ஒரு சொல்கூட அவருக்கு நினைவில்லை. முனியனின் இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு இருப்பது நினைவிருந்தது. டிபன் பாக்ஸில் கீரை இருந்தது நினைவிருந்தது. பேச்சு மட்டும் இல்லை.

என்ன சொன்னே என்று திருப்பிக் கேட்டுவிடலாம். கேட்டால், சான்றிதழைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டுக் கேட்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை அவர் ஃபைலைப் புரட்டி, நாலாவதாக ஒரு உத்தியைக் கண்டுபிடித்தார். பேசுபவர் சொன்னதையே அவரிடம் திருப்பிச் சொல்வது.

"அதாவது முனியா, நீ சொல்ல வர்றது, ஞாயித்துக்கிழம…" என்று லேத்தின் பக்கத்தில் நின்று இழுத்தார்.

"ஆமா சார், பத்து மணி. நல்ல நேரம் பாத்தாச்சு. தட்டு எத்தினி கொண்டாரது?"

கேள்விக்குப் பதில் சொல்லாதே, பேசுபவரையே பேசவிடு என்றிருந்தது ஃபைலில். "உனக்கு எத்தனைன்னு தோணுது?" என்றார்.

முனியன் மிஷினை நிறுத்திவிட்டு யோசித்தார். "ஏழுன்னு நெனச்சோம். நீங்க இப்டி கேக்கறதப் பாத்தா பத்தாது போலக் கீதே. பதினொண்ணா எடுத்தாந்துடறோம். ஆளும் கொஞ்சம் கூட வரும். பையனயும் இட்டாறோம், பொண்ணும் பாக்கணும்ல."

உலகநாதன் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் அது எண்ணெய் ஸ்டூல் என்று தெரிந்தது.

வீட்டில் மனைவி பார்வதத்திடம் விஷயத்தைச் சொல்ல அவருக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. கோவில்பட்டியிலிருந்து அம்பத்தூருக்கு வந்து இருபது வருடமாகியும் பார்வதத்தின் பேச்சு ஊர்ப் பேச்சாகவே இருந்தது. ஒரே மகளுக்கு ஊர்ப் பக்கத்தில் பாங்கு மாப்பிள்ளை பார்க்கச் சொல்லி நாலு பேரிடம் சொல்லிவைத்திருந்தாள்.

"அவுக பொண்ணு கேட்டதுக்கு நீங்க என்ன சொன்னீய?"

"ம்-னு சொன்னேன்."

"ம்-னா?"

"ம்-னா, கேட்டுக்கிட்டிருக்கேன்னு அர்த்தம்."

"எந்த ஊர்ல?" என்றாள் பார்வதம். "என்னப் பொண்ணு கேட்டு வந்தப்ப எங்கப்பா சொன்னதும் அந்த ஒத்த எழுத்துதான்."

மறுநாளே நூம்பலுக்குப் போய், நடந்தது தவறு என்று சொல்லிவிட்டு வரும்படி உத்தரவாயிற்று. மகள் வசந்தகுமாரி, பூந்தமல்லியில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட். சனிக்கிழமை சாயங்காலம் அவர் கிளம்பும்போது வாசலுக்கு வந்து, "அப்பா, நான் ஒண்ணு" என்று ஆரம்பித்தாள். பயப்படாதே, அப்பா பார்த்துக்கொள்கிறேன் என்று அவளுக்கும் முடித்து வைத்துவிட்டு ஸ்கூட்டரை உதைத்தார்.

நூம்பலில் முனியன் வீட்டில் இல்லை. அவர் மனைவி கன்னியம்மாள் இருந்தாள். கணவர் பேசாமல் மிச்சம் பிடித்த வார்த்தைகளையெல்லாம் சேர்த்து அவளே செலவழித்துக்கொண்டிருந்தாள்.

"நான் எதுக்கு வந்தேன்னா" என்றார் உலகநாதன்.

"தெரியும்ணே, தேதி பேசத்தான. குந்துங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

வயலெல்லாம் பிளாட் ஆனது, கிணற்றில் தண்ணீர் இறங்கினது, மகன் ஆனந்தன் பாலிடெக்னிக் முடித்து ஆவடியில் வேலைக்குச் சேர்ந்தது, வந்த மூன்று சம்பந்தங்களை அவன் தட்டிக் கழித்தது என்று அவள் சொல்லிக்கொண்டே போனாள். நடுவில் நிறுத்திச் சொல்லத்தான் வந்திருந்தார். ஆனால் ஒருவர் பேசும்போது குறுக்கிடாதே என்பது ஃபைலில் முதல் பக்கத்திலேயே தடித்த எழுத்தில் இருந்தது. கண்ணைப் பார்த்தார். தலையை ஆட்டினார். தன் பேச்சை யாரும் இவ்வளவு நேரம் கேட்டதில்லை என்று சொல்லிக் கன்னியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஸ்கூட்டர் வேலப்பன்சாவடி தாண்டும்போதுதான் கணக்குப் போட்டுப் பார்த்தார். தை மாதம், மாங்காட்டில் மண்டபம், முதல் பேரக்குழந்தைக்குப் பெயர். மூன்றுக்கும் தலையாட்டியிருந்தார்.

"சொல்லியாச்சா?" என்றாள் பார்வதம்.

"பேச்சு நல்லபடியாப் போச்சு" என்றார்.

பார்வதம் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு கேசரிக்கு ரவை டப்பாவைத் திறந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை டி.வி.யில் காலைத் தொடர் முடிந்ததும் தெருவில் ஒரு மெட்டடோர் வேன் வந்து நின்றது. எட்டுப் பேர் இருபத்திரண்டாகியிருந்தார்கள். பதினொரு தட்டுகளும் கூடத்தில் வரிசையாக உட்கார, மனிதர்கள் நிற்க வேண்டியதாயிற்று. முகத்துக்கு நேரே சொல்லிவிடலாம் என்று நினைத்திருந்த பார்வதம், அத்தனை பேருக்கும் கேசரி எடுத்துக் கொடுப்பதிலேயே மும்முரமாகிவிட்டாள்.

பெண்ணும் பையனும் பத்து நிமிஷம் பேசட்டும் என்று யாரோ சொன்னார்கள். இருவரும் பின்பக்கம் துணி துவைக்கும் கல் அருகே போய் நின்றார்கள். உலகநாதன் சமையலறை ஜன்னலோரம் தண்ணீர் குடிக்கப் போனவர், அங்கேயே நின்றுவிட்டார்.

கல்யாணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போக விருப்பமா என்று ஆனந்தன் கேட்டான். வசந்தகுமாரி பேச ஆரம்பித்தாள். அந்த வக்கீல் ஆபீசில் டைப் அடித்து அடித்துத் தனக்குச் சட்டத்தின் மேல் ஆசை வந்துவிட்டதைச் சொன்னாள். விண்ணப்பம் வாங்கி வைத்திருப்பதைச் சொன்னாள். வீட்டில் சொல்ல இரண்டு வருடமாக வாயெடுத்தும் முடியாமல் போனதைச் சொன்னாள். ஆனந்தன் தலையாட்டவில்லை. "ம்" சொல்லவில்லை. அவள் முடித்த பிறகு, "சட்டம் படிச்சிட்டு அதே ஆபீஸ்லியே இருப்பீங்களா, இல்ல தனியாவா?" என்று மட்டும் கேட்டான். அவள் சிரித்துவிட்டாள்.

உலகநாதன் கையிலிருந்த தம்ளரில் தண்ணீர் அப்படியே இருந்தது. மகள் பேச்சை முழுசாகக் கேட்பது இதுதான் முதல் தடவை, அதுவும் ஒட்டுக்கேட்டு.

உள்ளே வந்த வசந்தகுமாரி, அம்மாவிடம் தனக்குச் சம்மதம் என்றாள். பார்வதம் கணவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் பாங்கு மாப்பிள்ளை இல்லை.

உலகநாதன் கூடத்தின் நடுவே வந்து நின்றார். நூற்றைம்பது பேருக்கு வேலை சொல்லும் குரல் அன்றைக்குச் சின்னதாக வந்தது.

"முனியன், எனக்கும் முழுச் சம்மதம். ஆனா பொய்யில ஆரம்பிக்க வேணாம்னு பாக்கறேன். புதன்கிழம நீங்க எங்கிட்டப் பொண்ணு கேட்டீங்க பாருங்க, அப்ப நான் கேக்கவே இல்ல. உங்க கண்ணப் பாத்தேன், தலய ஆட்டினேன். நீங்க பேசினதுல ஒரு வார்த்தகூட என் காதுல விழல. அதுக்கு என்ன மன்னிச்சிடுங்க."

முனியன் வழக்கம்போல் வாயைத் திறக்காமல் மனைவியைப் பார்த்தார். கன்னியம்மாள் கேசரித் தட்டைக் கீழே வைத்தாள்.

"அவரு எங்கண்ணே பேசினாரு? கேக்கறது எப்டின்னு சோத்து டைம் முடியற வரிக்கும் நீங்கதான சொல்லிகினு இருந்தீங்க; நடுவுல, 'எம் பொண்ண உம் பையனுக்குக் குடுக்கறேன்னு வச்சிக்க முனியா'ன்னீங்களாம், நாங்களும் அப்டியே வச்சிக்கினோம்."